முன்னோரைத் தேடுதல்: சபைப் பதிவேடுகள் காட்டும் நம் அடையாளம்

நம் திருச்சபைகளில் நூற்றாண்டு விழாக்களும் இருநூற்றாண்டு விழாக்களும் மிகுந்துவரும் காலம் இது. விழா மலர் வெளியிட முற்படும் ஒவ்வொரு சபையும் தன் முதற் கிறிஸ்தவர் யார் என்று தேடுகிறது. அவர்தம் வழித்தோன்றல்கள் தங்கள் கொடிவழியை எழுதத் தலைப்படுகின்றனர். ஐந்தாறு தலைமுறைகளுக்கு முன் வாழ்ந்த ஒருவரின் பெயரைப் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டில் கண்டெடுக்கும் மகிழ்ச்சி எளியதன்று. "நான் யார்?" என்னும் வினாவிற்கு விடையின் ஒரு பகுதியேனும் அங்கே கிடைத்துவிட்டதாக அவர்கள் உணர்கின்றனர்.

இத்தேடலை ஓய்வு பெற்றோரின் பொழுதுபோக்கு என்று குருமாரும் இறையியல் மாணவரும் ஒதுக்கிவிடுதல் தகாது. பதிவேடுகள் இருப்பது நம் காப்பில். தேடி வருவோர் வந்து நிற்பதும் நம் ஆலய அலுவலகத்தின் முன்னரே. அவர்கள் பெரும்பாலும் தங்கள் குடும்பத்தின் மேன்மைக்குச் சான்று நாடி வருகின்றனர். "எங்கள் முன்னோர் உயர்குலத்தார்" என்றோ, "இவ்வூரில் முதன்முதல் மனந்திரும்பியவர் எங்கள் பாட்டனார்" என்றோ உறுதிசெய்துகொள்ள விழைகின்றனர். ஆனால் நேர்மையாக வாசிக்கப்படும் பதிவேடு, நாம் மறக்க விரும்பியவர்களையும் நம்முன் கொண்டுவந்து நிறுத்துகிறது. அவர்களையும் நம்மவர் என ஏற்றுக்கொள்ளும் அளவிற்கே நாம் யார் என்பது நமக்கு விளங்கும். இதனைத் தமிழ்த் திருச்சபையின் வரலாற்றிலிருந்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. திருமறையில் இருவகைப் பட்டியல்கள்

திருமறையில் வம்ச அட்டவணைகள் பல உள. அவை யாவும் ஒரே நோக்கத்துடன் எழுதப்பட்டவை அல்ல. பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்களின் பட்டியல் எஸ்றா இரண்டாம் அதிகாரத்திலும் நெகேமியா ஏழாம் அதிகாரத்திலும் காணப்படுகிறது. தங்கள் தந்தையின் வீட்டை நிறுவ இயலாத ஒரு கூட்டத்தார் அங்கே குறிக்கப்படுகின்றனர். அவர்கள் 652 பேர் என்று எஸ்றாவும், 642 பேர் என்று நெகேமியாவும் கூறுவது வரலாற்று மாணவர் கருத்தில் கொள்ளத்தக்கது. ஆசாரியர்களிலும் சிலர் தங்கள் பெயரை அட்டவணையில் தேடிக் காணாமையால் ஆசாரிய ஊழியத்திலிருந்து விலக்கப்பட்டனர். அவர்களுள் ஒரு குடும்பத்தாரின் முன்னோர் கீலேயாத்தியனான பர்சிலாயின் குமாரத்திகளுள் ஒருத்தியை மணந்து, மாமனார் வீட்டுப் பெயரால் அழைக்கப்பட்டவர். சிதறுண்ட ஒரு சிறு மக்கள் தன் அடையாளத்தைக் காத்துக்கொள்ள இத்தகைய எல்லையை நாடியதை நாம் புரிந்துகொள்ளலாம். ஆயினும் அங்கே பட்டியல், ஒருவரை வெளியே நிறுத்தும் கருவியாயிற்று.

மத்தேயு தரும் வம்ச வரலாறு இதற்கு மாறான போக்குடையது. பதினான்கு பதினான்காக மூன்று பகுதி என்னும் அமைப்பிற்காக அவர் யோராமுக்குப் பின் மூன்று அரசர்களை விட்டுவிடுகிறார். ஆனால் அரசர்களையே விட்டுவிடத் துணிந்த அவர் தாமாரையும் ராகாபையும் ரூத்தையும் உரியாவின் மனைவியையும் விட்டுவிடவில்லை. மோவாபியர் கர்த்தருடைய சபைக்கு உட்படலாகாது என்று உபாகமம் விதித்திருக்க, மோவாபியப் பெண் தாவீதின் பாட்டனைப் பெற்ற தாயாக இங்கே நிற்கிறாள். தாவீதின் பாவமும் மறைக்கப்படவில்லை. கொலையுண்ட கணவனின் பெயரைச் சொல்லியே பத்சேபாள் குறிக்கப்படுகிறாள். லூக்காவோ இயேசுவிலிருந்து பின்னோக்கிச் சென்று, ஆபிரகாமையும் கடந்து ஆதாமிடத்திலும் தேவனிடத்திலும் முடிக்கிறார்.

முடிவற்ற வம்ச வரலாறுகளில் சிக்கிக்கொள்ளலாகாது என்று தீமோத்தேயுவும் தீத்துவும் எச்சரிக்கப்பட்டனர். ஆபிரகாமைத் தகப்பனாகக் கொண்டிருப்பதில் பெருமை பாராட்டினோரை யோவான்ஸ்நானன் கடிந்துகொண்டார். எனவே முன்னோரைத் தேடுவதில் தவறில்லை. எஸ்றாவின் பட்டியலைக் கையிற்கொண்டு தேடுகிறோமா, மத்தேயுவின் பட்டியலைக் கையிற்கொண்டு தேடுகிறோமா என்பதே நாம் நம்மை வினவிக்கொள்ள வேண்டுவது.

2. தமிழ்த் திருச்சபையின் முதற் பெயர்கள்

சீகன்பால்குவும் புளூட்சோவும் 1706 ஜூலை 9இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். மறு ஆண்டு மே 12இல் அவர்கள் கையால் முதன்முதல் ஞானஸ்நானம் பெற்றவர் ஐவர். அவர்கள் டேனியர் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்கள். இந்திய மண்ணில் சீர்திருத்தத் திருச்சபையின் கொடிவழி இவ்வைவரிடமிருந்தே தொடங்குகிறது. நம் விழா மலர்கள் எத்தனையோ "முதற் குடும்பங்களை"ப் போற்றுகின்றன. ஆனால் அவ்வைவரின் வழியில் வந்தோம் என்று பெருமை பேசும் குடும்பத்தைக் காண்டல் அரிது. அடிமைக்குச் சொத்தில்லை. சொத்தில்லாதவருக்குப் பத்திரங்களும் இல்லை. பத்திரம் இல்லாதவரின் வழித்தோன்றல்கள் மூன்றாம் தலைமுறையிலேயே தம் தொடக்கத்தை இழந்துவிடுகின்றனர்.

திருநெல்வேலித் திருச்சபையின் தொடக்கமும் இவ்வாறே நம்மைச் சிந்திக்க வைக்கிறது. 1780இல் எழுதப்பட்ட பாளையங்கோட்டைச் சபைப் பட்டியலில் 40 பேர் இருந்தனர். அச்சிறு சபையின் உயிர்நாடியாக விளங்கியவர் கிளாரிந்தா. தஞ்சையைச் சார்ந்த மராட்டியப் பிராமண விதவையாகிய அவர், ஆங்கிலப் படை அதிகாரி ஒருவருடன் திருமணமின்றி வாழ்ந்தவர். அதனை முன்னிட்டு அவருக்கு ஞானஸ்நானம் தர முதலில் மறுத்த சுவார்ட்ஸ் ஐயர், அவ்வதிகாரி இறந்தபின் 1778இல் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். அவர் முயற்சியால் எழுந்த ஆலயம் 1785இல் அர்ப்பணிக்கப்பட்டது. பிற்காலத்தார் அவருடைய பிராமணப் பிறப்பை எடுத்துக்கூறுவதில் காட்டிய ஆர்வத்தை, சபையும் சமுதாயமும் அவரை விலக்கி வைத்திருந்த ஆண்டுகளைக் கூறுவதில் காட்டியதில்லை. ஆனால் மத்தேயுவின் பட்டியலில் இடம்பெறத்தக்க தாயார் இவர். பல இலட்சம் மக்களைக் கொண்ட ஒரு திருச்சபை இத்தகைய ஒருவரைத் தன் தாயாகப் பெற்றிருப்பது வெட்கத்திற்குரியதன்று. நற்செய்தியின் இயல்புக்கு ஒத்ததேயாம்.

3. பெயர் மாறிய கதை

தமிழ்க் குடும்பங்களின் கொடிவழியை ஆராய்வோர் முதலில் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு பெயரைப் பற்றியது. நமக்குத் தலைமுறைதோறும் தொடரும் குடும்பப் பெயர் பெரும்பாலும் இல்லை. தந்தையின் பெயரே மகனுக்கு முதலெழுத்தாகிறது. பேரனிடம் அந்த எழுத்தும் மாறிவிடுகிறது. இதனோடு ஞானஸ்நானத்தில் பெயரும் மாறுமாயின், பதிவேட்டிற்கு முற்பட்ட காலத்தோடு இருந்த தொடர்பு அறுந்துபோகிறது. கடலூரில் ஆறுமுகம் என்ற பெயருடன் பிறந்தவர் 1718இல் ஆரோன் ஆனார். 1733 டிசம்பர் 28இல் சீர்திருத்தத் திருச்சபையின் முதல் இந்தியக் குருவாகப் பட்டம் பெற்றார். அவருடைய பழைய பெயரை நாம் அறிவது மிஷனெரிமார் ஹாலே நகருக்கு எழுதியனுப்பிய அறிக்கைகளின் வாயிலாக. அவ்வாறு எழுதப்படாத ஆயிரக்கணக்கானோரின் பழைய பெயர்கள் மறைந்தொழிந்தன.

எல்லாரும் பழைய பெயரை விட்டுவிடவில்லை. 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்ற கிருஷ்ணபிள்ளை, ஹென்றி ஆல்பிரட் என்னும் பெயர்களை முன்னே சேர்த்துக்கொண்டாரேயன்றிக் கிருஷ்ணன் என்ற பெயரைத் துறக்கவில்லை. வைணவ மரபில் வளர்ந்த அவருடைய தமிழ்ப் புலமை, 1894இல் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகத்தில் கிறிஸ்துவுக்குப் பணி செய்தது. பழைய அடையாளம் அழியாமலேயே புதிய அடையாளத்திற்குள் வரக்கூடும் என்பதற்கு அவருடைய பெயரே சான்றாகும்.

யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்தது வேறுவகையானது. அமெரிக்க மிஷன் பள்ளிகளில் பிள்ளைகளின் கல்விச் செலவை அமெரிக்க நன்கொடையாளர்கள் ஏற்றனர். அவர்கள் விரும்பிய பெயர்கள் அப்பிள்ளைகளுக்குச் சூட்டப்பட்டன. இதனால் பார்த்திராத நாட்டின் குடும்பப் பெயர்கள் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் வேரூன்றின. அப்பெயரைக் கொண்டு அமெரிக்காவில் முன்னோரைத் தேடுவோர் ஏமாற்றமடைவர். 1823 முதல் 1855 வரை நடைபெற்ற வட்டுக்கோட்டைச் செமினரியில் பயின்ற கறோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் ஆயினர்.

இவருள் தாமோதரம்பிள்ளையின் குடும்பம் நம் பொருளுக்கு மிகவும் ஏற்றது. கிறிஸ்தவச் சூழலில் கல்வி கற்ற அவர் சைவராக விளங்கி, 1887இல் கலித்தொகையை அச்சிற் பதிப்பித்து, அழிந்துபோகவிருந்த ஏடுகளைக் காத்தார். அவருடைய மகன் அழகசுந்தரமோ பிரான்சிஸ் கிங்ஸ்பரி என்னும் பெயருடன் கிறிஸ்தவக் குருவானார். பெங்களூர் ஐக்கிய இறையியற் கல்லூரியில் கற்பித்தார். பிலிப்ஸ் ஐயருடன் சேர்ந்து சைவ அடியார்களின் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்து 1921இல் வெளியிட்டார். இக்குடும்பத்தின் அடையாளம் யாது? சைவமா, கிறிஸ்தவமா? ஒரே சொல்லில் விடை கூற விரும்புவோர் தந்தையையோ மகனையோ பட்டியலிலிருந்து நீக்க வேண்டியிருக்கும். உண்மையான கொடிவழி இருவரையும் வைத்துக்கொள்கிறது. நம்முள் பலருடைய குடும்பங்களும் இத்தகையனவே. கிறிஸ்தவரல்லாத முன்னோரை "இருளில் இருந்தவர்கள்" என்று ஒரே வாக்கியத்தில் கடந்துபோகும் குடும்ப வரலாறு பாதி வரலாறேயாகும்.

4. சாதி என்னும் கட்டம்

இனி, நாம் பேசத் தயங்கும் பொருளுக்கு வருவோம். பழைய சபை ஆவணங்கள் பலவற்றில் பெயருக்கு அருகே சாதியும் எழுதப்பட்டது. "கிறிஸ்துவுக்குள் யூதனென்றும் கிரேக்கனென்றும் இல்லை" எனப் பிரசங்கித்தவர்களே அதனை எழுதினர்.

இதன் விளைவைத் தரங்கம்பாடியிலேயே காணலாம். தஞ்சை மன்னரின் படையில் பணிபுரிந்த இராஜநாயக்கன், ரோமன் கத்தோலிக்கக் குடும்பத்திற் பிறந்து, தமிழ் நற்செய்தி நூலை வாசித்ததன் பயனாகத் தரங்கம்பாடி மிஷனில் சேர்ந்து, தலைசிறந்த உபதேசியாராக விளங்கியவர். அவருடைய ஊழியத்தின் சிறப்பை மிஷனெரிமாரே ஒப்புக்கொண்டனர். ஆயினும் ஆரோனுக்கும், 1741இல் தியோகோவுக்கும் குருப்பட்டம் கிடைத்தது, இராஜநாயக்கனுக்குக் கிடைக்கவில்லை. அவர் பறையர் குலத்தவராதலின், வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் அவர் கையால் திருவிருந்து பெறமாட்டார்கள் என்ற அச்சமே காரணம். முதல் இந்தியக் குருவைப் பெற்றோம் என நாம் கொண்டாடும் அவ்வரலாற்றின் மறுபக்கத்தில் இந்த மறுப்பு எழுதப்பட்டிருக்கிறது.

1833இல் டேனியேல் வில்சன் அத்தியட்சர் திருச்சபையில் சாதி வேற்றுமை முற்றிலும் ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தபோது தஞ்சையிலும் பிற இடங்களிலும் பெருங் கிளர்ச்சி எழுந்தது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே, சாதி வழக்கங்களைக் கைவிடும்படி வற்புறுத்திய மிஷனெரிமாரை எதிர்த்து நின்றவர்களுள் வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர். இன்றும் நம் ஆலயங்களில் அவருடைய கீர்த்தனைகளை எல்லாச் சமுதாயத்தாரும் உருகிப் பாடுகிறோம். அவரைப் போற்றுவதற்காக அவருடைய எதிர்ப்பை மறைக்க வேண்டுவதில்லை. அவருடைய எதிர்ப்பை அறிந்ததற்காகக் கீர்த்தனைகளைக் கைவிடவும் வேண்டுவதில்லை. அவர் பெற்ற அருளுக்கும் அவர் கொண்ட பிழைக்கும் நாம் சேர்ந்தே வாரிசுகளாக இருக்கிறோம்.

கடல்கடந்த ஆவணங்கள் மற்றொரு காட்சியை அளிக்கின்றன. 1860 நவம்பர் 16இல் சென்னையிலிருந்து டர்பன் துறைமுகத்தை அடைந்த ட்ரூரோ என்னும் கப்பலே ஒப்பந்தக் கூலிகளை நேட்டாலுக்கு முதன்முதற் கொண்டு சென்றது. 1911 வரை அவ்வாறு சென்றவர்கள் 1,52,184 பேர். பெரும்பகுதியினர் சென்னை வழியாகச் சென்றவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்பட்டது. தந்தையின் பெயர், வயது, ஊர், சாதி ஆகியவற்றிற்குத் தனித்தனிக் கட்டங்கள் இருந்தன. கிறிஸ்தவர்கள் பலரைப் பொறுத்தமட்டில் சாதிக் கட்டத்தில் "கிறிஸ்தவர்" என்றே எழுதப்பட்டது. தென்னாப்பிரிக்கத் தமிழர் தம் முன்னோரின் ஊரைத் தேடும்போது இன்று நாடுவது அப்பட்டியல்களையே. சாதிக் கட்டத்தில் "கிறிஸ்தவர்" என்ற சொல்லை இருவகையாக வாசிக்கலாம். சாதியை விட்டு வெளியேற விரும்பிய ஒருவரின் துணிவான விடையாக அது இருந்திருக்கலாம். அல்லது கிறிஸ்தவர்களையும் மற்றொரு சாதியாகவே கண்ட எழுத்தரின் கணிப்பாக இருந்திருக்கலாம். நம் சபைகள் இவ்விரண்டில் எதற்கு இடங்கொடுத்து வந்துள்ளன என்பது நாம் ஆராய வேண்டிய வினா.

இது பழங்கதையன்று. 1950ஆம் ஆண்டின் பட்டியலினத்தார் பற்றிய குடியரசுத் தலைவர் ஆணை, இந்து சமயத்தினர் அல்லாதாரைப் பட்டியலினத்தாராகக் கொள்ளலாகாது என்று விதித்தது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அவ்வாணை திருத்தப்பட்டது, கிறிஸ்தவருக்குத் திருத்தப்படவில்லை. ஆலயத்தில் தனிக் கல்லறையும் தனி வரிசையும் தந்து சாதியை நினைவூட்டிய திருச்சபை ஒருபுறம். ஞானஸ்நானம் பெற்றதனால் சாதி நீங்கிவிட்டது என்று கூறும் சட்டம் மறுபுறம். இவ்விரண்டிற்குமிடையே தலித் கிறிஸ்தவக் குடும்பங்கள் பல இரு பெயரும் இரு சான்றிதழும் கொண்டு வாழ நேர்ந்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில், குழந்தைப் பருவத்தில் பெற்ற ஞானஸ்நானத்தின் பதிவும் ஒருவர் கிறிஸ்தவர் என்பதற்குச் சான்றுகளுள் ஒன்றாகக் கொள்ளப்பட்டு, பட்டியலினச் சான்றிதழுக்கான கோரிக்கை மறுக்கப்பட்டது. ஆயர் எழுதும் ஒரு வரி, ஒரு குடும்பத்தின் வாழ்வில் எத்தகைய எடையுடையது என்பதை இதனால் அறியலாம். ஓர் இளைஞன் தன் பாட்டனாரின் பெயரைத் தேட வந்து, பின் "வேண்டாம், ஐயா" என்று திரும்பிச் செல்வானாயின், அவன் அஞ்சுவது எதற்கு என்பதை அறிந்திருத்தல் ஆயரின் கடன்.

5. பதிவேட்டைக் காப்போரின் பொறுப்பு

முடிவாக, ஆயர்களாக இருப்போரும் ஆகவிருப்போரும் செய்யத்தக்கன சிலவற்றைக் கூறுதல் பொருந்தும்.

முதலாவது, பதிவேடுகளைக் காத்தல். ஈரக் கசிவுள்ள சுவரோரத்தில் அடுக்கிய ஏடுகளைக் கரையானிடமிருந்து மீட்டு, பக்கந்தோறும் படமெடுத்து, ஒரு படியைப் பேராயத்திலோ இறையியற் கல்லூரி ஆவணக் காப்பகத்திலோ வைத்தல் வேண்டும். கல்லறைக் கல்லின் எழுத்துகளையும், பழைய குடும்ப வேதாகமங்களின் முன்னேட்டில் எழுதப்பட்ட பிறப்பு இறப்புக் குறிப்புகளையும் தேய்ந்து மறையுமுன் படியெடுத்தல் நன்று.

இரண்டாவது, இனி எழுதுவனவற்றை நேர்மையாக எழுதுதல். "இன்னாரின் மனைவி" என்று மட்டும் குறிக்கப்பட்ட பெண்டிர் எண்ணற்றோர். பல குடும்பங்களில் முதலில் நற்செய்தியைக் கேட்டவள் தாயே. ஆனால் கொடிவழியில் அவள் பெயரில்லை. தாயின் பெயரையும் அவளுடைய பெற்றோர் பெயரையும் ஊரையும் எழுதுவதற்கு ஒரு நிமிடம் கூடுதலாக ஆகும்; இருநூறு ஆண்டுகளுக்குப்பின் தேடுவோருக்கு அதுவே வழிகாட்டும்.

மூன்றாவது, பதிவேட்டை எவரையும் தாழ்த்துவதற்குத் தராதிருத்தல். அதில் முறையற்ற பிறப்பும், சபை ஒழுங்கு நடவடிக்கையும், குலமும் எழுதப்பட்டிருக்கலாம். திருமணப் பேச்சிற்காகவோ சபைத் தேர்தலுக்காகவோ மற்றொரு குடும்பத்தின் பூர்வீகத்தை அறிய வருவோருக்கு ஏட்டைத் திறந்துகாட்டலாகாது. தன் முன்னோரைத் தேடி வருபவருக்கோ, கண்டது எதுவாயினும் அதனை ஏற்கும் மனவலிமை பெற உடனிருந்து உதவுதல் வேண்டும். தேடிய பெருமை கிடைக்காமல் எதிர்பாராத உண்மை வெளிப்படும் வேளையில் ஆயர் அருகிலிருப்பது, நோயாளியின் படுக்கையருகே இருப்பதற்கு ஒப்பான ஊழியமே.

நான்காவது, விழா மலர் எழுதும்போது, வழித்தோன்றல்கள் இல்லாதவரையும் நினைத்தல். வாசித்துக் காட்ட வாரிசு இல்லாத ஆலயப் பணியாளர், ஊர்விட்டு ஊர்சென்று இறந்த உபதேசியார், வேதாகம ஸ்திரீகள், பெயர் அறியப்படாத அடிமைகள் ஆகியோருக்குச் சபையே வழித்தோன்றல்.

பழைய ஞானஸ்நானப் பதிவேட்டை முதலிலிருந்து இறுதிவரை புரட்டிப் பார்ப்போமாயின், ஊர் மாறுகிறது, தொழில் மாறுகிறது, பெயர் மாறுகிறது, எழுத்தும் மாறுகிறது. அடிமையின் வரியிலும் மிராசுதாரரின் வரியிலும் மாறாதிருப்பது, அவர்கள் எந்த நாமத்தில் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்பதொன்றே. அந்த நாமத்தினால் 1707ஆம் ஆண்டின் ஐவரும், இராஜநாயக்கனும், கிளாரிந்தாவும் நமக்கு முன்னோர் ஆகின்றனர். இரத்த உறவைக் கொண்டு நம் கொடிவழியை எழுதுகையில் அவர்களுக்கு அதில் இடமில்லாது போகலாம். திருச்சபையின் மகனாகவோ மகளாகவோ எழுதுகையில், அவர்களை விட்டுவிட்டு நம் பெயரை எழுத இயலாது.